விண்ணை அளந்த வில்லியம் ஹெர்ஷல்

தோற்றுவாய்

நிலவில்லாத இரவில், ஊர்விளக்குகளின் ஒளி எட்டாத வெட்டவெளியில் நின்று வானத்தை நோக்குவோர், ஒரு கோடியினின்று மறுகோடிவரை வெண்புகைபோலப் படர்ந்து கிடக்கும் ஓர் ஒளிப்பட்டையைக் காண்பர். அதனை ஆகாய கங்கை என வழங்குதல் நம் நாட்டு மரபு. மேலை நாட்டார் அதனைப் பால் சிந்திய வழியாகக் கருதிப் பால்வழி என்றனர். கி. பி. 1610-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுக் கலிலியோ, தம் சிறிய தொலைநோக்கியை அதன்பால் திருப்பினார். அது புகையுமன்று, பாலுமன்று. வெறுங்கண்ணால் பிரித்தறிய ஒண்ணாத எண்ணிறந்த விண்மீன்களின் தொகுதியே என்பதை அவர் உலகிற்கு உணர்த்தினார்.

அவ்விண்மீன்கள் வானெங்கும் பரவாமல் ஒரு பட்டையாகத் திரண்டு தோன்றுவது ஏன்? அத்தொகுதியின் வடிவம் யாது? அதனுள் நம் கதிரவன் நிற்கும் இடம் எது? இவ்வினாக்களுக்கு, விண்மீன்களை நேரே எண்ணிக் கணக்கிட்டு விடை காண முற்பட்டவர் வில்லியம் ஹெர்ஷல் என்னும் பெரியார். அவர் பல்கலைக்கழகத்தில் வானநூல் பயின்றவரல்லர். இசைத்தொழிலால் வாழ்க்கை நடத்தியவர். தம் கையாலேயே கருவி செய்து, வானத்தை அளந்து, தாம் கண்ட முடிவையும் முதுமையில் தாமே மறு ஆய்வு செய்து கைவிட்டவர். அப்பெருந்தகையின் வரலாறு அறிவுத்துறையில் புகுவோர் அனைவரும் அறிதற்குரியது.

பிறப்பும் இளமையும்

ஹெர்ஷல் 1738-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் ஜெர்மானிய நாட்டைச் சேர்ந்த ஹானோவர் நகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் ஐசக் என்பவர். அவர் ஹானோவர்ப் படையின் இசைக்குழுவில் ஓபோ என்னும் துளைக்கருவியை வாசித்து வந்தார். மக்கள் பலர், வருவாயோ சிறிது. எனினும், அறிவுச் செல்வத்தில் அக்குடும்பம் வறுமையுற்றதில்லை. தந்தையார் தம் மக்களுக்கு இசை பயிற்றினார்; இரவுப்பொழுதில் அவர்களோடு தத்துவமும் கணிதமும் பற்றி உரையாடினார்; பனி மிகுந்த தெளிந்த இரவில் தெருவிற்கு அழைத்துச் சென்று விண்மீன் கூட்டங்களைச் சுட்டிக் காட்டினார். அன்று அவர் விதைத்த விதை பின்னாளில் பெருமரமாயிற்று.

ஹெர்ஷல் பதினான்கு வயதில் தந்தையாரைப்போலவே படையின் இசைக்குழுவிற் சேர்ந்தார். 1757-ஆம் ஆண்டில் ஹானோவர்ப் படை ஹாஸ்டன்பெக் என்னுமிடத்தில் பிரெஞ்சுப் படையொடு பொருது தோல்வியுற்றது. போர்க்களத்தின் துன்பத்தைக் கண்கூடாகக் கண்ட பெற்றோர், மகன் நாட்டை விட்டேகுதலே நன்று எனத் துணிந்தனர். பத்தொன்பது வயதும் நிரம்பாத அவ்விளைஞர் இங்கிலாந்து சென்றடைந்தார். அந்நாளில் ஹானோவர் நாட்டின் தலைவரே இங்கிலாந்தின் அரசராகவும் விளங்கினமையின், அந்நாடு அவர்க்கு முற்றும் அயல்நாடாகத் தோன்றவில்லை.

இசைத்தொழில்

தொடக்கத்தில் ஹெர்ஷல் இசைச்சுவடிகளைப் படியெடுத்துக் கொடுத்து வயிறு வளர்த்தார். பின்னர் ஊர்தோறும் சென்று இசை கற்பித்தார். 24 சிம்பொனி இசைகளை இயற்றினார். 1766-ஆம் ஆண்டில் பாத் நகரத்து வழிபாட்டு மன்றம் ஒன்றில் ஆர்கன் வாசிக்கும் பதவி அவர்க்குக் கிடைத்தது. பாத் வெந்நீர் ஊற்றுகளாற் பெயர்பெற்ற நகரம். நோய் தீரவும் பொழுது போக்கவும் செல்வர் பலர் அங்கு வந்து தங்குவர். ஆதலின், இசைவாணர்க்கு வருவாய்க்குக் குறைவில்லை.

இசையின் இயல்பை நுணுகி ஆராய விரும்பிய அவர், இராபர்ட் ஸ்மித் என்னும் அறிஞர் இயற்றிய இசையிலக்கண நூலைக் கற்றார். அந்நூல் கணிதத்தின்பால் அவரை ஈர்த்தது. அவ்வறிஞரே ஒளியியல் பற்றியும் ஒரு நூல் எழுதியிருந்தார். அதனைக் கற்றபோது தொலைநோக்கி செய்யும் முறை புலனாயிற்று. இங்ஙனம் இசையிலிருந்து கணிதத்திற்கும், கணிதத்திலிருந்து ஒளியியலுக்கும், ஒளியியலிலிருந்து வானநூலுக்கும் அவர் உள்ளம் படிப்படியே ஏறிச் சென்றது.

உடன்பிறந்தாள் துணை

ஹெர்ஷலுக்குப் பன்னிரண்டு ஆண்டு இளையவர் கரோலின் என்னும் தங்கையார். பத்து வயதிற் கண்ட கொடிய காய்ச்சலால் அவ்வம்மையாரின் உடல் வளர்ச்சி தடைப்பட்டது. உயரம் நான்கேகால் அடியளவிலேயே நின்றுவிட்டது. பெண்ணுக்கு வீட்டுவேலையே போதும் என்பது அன்னையாரின் கருத்து. அதனால் அவர் கல்வியின்றி அடுக்களையில் உழன்று வந்தார். 1772-ஆம் ஆண்டில் ஹெர்ஷல் ஹானோவர் சென்று, தங்கைக்குப் பதிலாக வேலைக்காரியை அமர்த்திக்கொள்ள அன்னையார்க்குப் பொருளுதவி செய்து, தங்கையைத் தம்முடன் பாத் நகருக்கு அழைத்து வந்தார். அவர்க்கு ஆங்கிலமும் கணக்கும் வாய்ப்பாட்டும் கற்பித்தார். வாய்ப்பாட்டில் தேர்ந்து மேடையில் பாடும் நிலையை எய்திய அம்மையார், தமையனாரின் வானநூல் வேட்கைக்காகத் தம் இசைவாழ்வையே துறந்தார். ஹெர்ஷலின் புகழில் பாதி இவ்வம்மையாருக்கு உரியது என்பது மிகையாகாது.

ஆடி செய்த அருமுயற்சி

1773-ஆம் ஆண்டில் ஹெர்ஷல் வானநூல் ஒன்றை விலைக்கு வாங்கிக் கற்றார். சிறிய தொலைநோக்கி ஒன்றை வாடகைக்கு எடுத்தும் பார்த்தார். அது அவர் வேட்கையைத் தணிக்கவில்லை. பெரிய தொலைநோக்கியின் விலையோ அவருக்கு எட்டாததாயிருந்தது. எனவே, தாமே அதனைச் செய்யத் துணிந்தார்.

அத்தொலைநோக்கியின் உயிர் குழிந்த ஆடியே ஆகும். தொலைவிலிருந்து வரும் ஒளிக்கதிர்களை அவ்வாடி ஒருங்கே திரட்டி ஓரிடத்திற் குவிக்கும். ஆடி எத்துணைப் பெரிதோ அத்துணை மங்கலான விண்மீன்களும் புலப்படும். அந்நாளில் செம்பையும் வெள்ளீயத்தையும் கலந்து உருக்கி வார்த்த வட்டத் தகட்டைத் தேய்த்துத் தேய்த்து ஆடியாக்குவர். மயிரிழையினும் மெல்லிய குறைபாடு நேரினும் உருவம் சிதைந்து தோன்றும். மெருகேற்றும்போது கையை எடுத்துவிட்டாலும் அதுவரை செய்த வேலை பாழாகும். ஒருமுறை ஹெர்ஷல் பதினாறு மணிநேரம் கையெடாது ஆடியை மெருகேற்றினார். அப்போது கரோலின் அம்மையார் அருகிருந்து தமையனாரின் வாயில் உணவை ஊட்டினார். களைப்புத் தெரியாவண்ணம் கதை நூல்களையும் படித்துக் காட்டினார்.

1781-ஆம் ஆண்டில், முப்பது அடி நீளமுள்ள தொலைநோக்கிக்கென ஒரு பேராடி வார்க்க முற்பட்டார் ஹெர்ஷல். வீட்டின் கீழ்த்தளத்திலேயே உலை அமைத்தார். வார்ப்பச்சுக்குரிய குதிரைச் சாணத்தை இடித்துச் சலித்துக் கொடுத்தவர் அவ்வம்மையாரே. உருகிய உலோகம் கசிந்து கல்தளத்தில் ஓடியது. வெப்பத்தால் கற்கள் வெடித்து நாற்புறமும் சிதறின. அங்கிருந்தோர் உயிர் பிழைக்க ஓடினர். இவ்விடர் கண்டும் ஹெர்ஷலின் ஊக்கம் தளர்ந்திலது.

புதிய கோள்

அவ்வாண்டின் தொடக்கத்திலேயே அவர் பெயர் உலகறியும் நிகழ்ச்சி நடந்துவிட்டது. 1781-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 13-ஆம் நாள் இரவு, தம் வீட்டுத் தோட்டத்தில் ஏழடித் தொலைநோக்கி கொண்டு அவர் விண்மீன்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து கொண்டிருந்தார். இடபம், மிதுனம் என்னும் ராசிகளின் எல்லையருகே ஓர் ஒளி, ஏனைய விண்மீன்களைப்போலப் புள்ளியாக இல்லாமல், சிறு வட்டமாகத் தோன்றிற்று. நான்கு நாள் கழித்து நோக்கியபோது அஃது இடம் பெயர்ந்திருந்தது. வால்வெள்ளியாதல் வேண்டும் என்று அவர் எண்ணினார். லெக்ஸெல் முதலிய கணித வல்லுநர் அதன் பாதையைக் கணக்கிட்டு, அது சனிக்கும் அப்பால் கதிரவனைச் சுற்றிவரும் புதிய கோள் என நிறுவினர். அதுவே யுரேனசு.

தொன்றுதொட்டு மக்கள் வானில் அறிந்திருந்த கோள்கள் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி என்னும் ஐந்தே. அவ்வெல்லையை ஓர் இசைவாணர் கடந்துவிட்டமை கண்டு அறிஞருலகம் வியந்தது. இங்கிலாந்தின் அரச கழகம் அவரை உறுப்பினராக்கிப் பதக்கமும் வழங்கிற்று. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் 1782-ஆம் ஆண்டில் ஆண்டுக்கு 200 பவுன் மானியம் அளித்தார். இசையால் ஈட்டிய பொருளினும் அது குறைவே. எனினும், ஹெர்ஷல் மகிழ்வோடு இசைத்தொழிலை விடுத்து, வானாராய்ச்சிக்கே தம்மை ஒப்படைத்தார். அண்ணனும் தங்கையும் வின்சர் அரண்மனைக்கு அண்மையிலிருந்த டாட்செட் என்னும் ஊரிற் குடியேறினர். பின்னர் 1786-ஆம் ஆண்டில் சுலவ் என்னும் ஊரை அடைந்தனர்.

வானத்தைத் துருவிய இரவுகள்

1783-ஆம் ஆண்டில் இருபது அடி நீளமும் ஏறத்தாழ 19 அங்குல விட்டமுள்ள ஆடியும் கொண்ட தொலைநோக்கியை ஹெர்ஷல் அமைத்தார். அன்று முதல் ஏறத்தாழ இருபதாண்டுக்காலம், இங்கிலாந்திலிருந்து காணக்கூடிய வானம் முழுவதையும் துண்டு துண்டாகத் துருவி நோக்கினார். உயர்ந்த சாரத்தின்மேல் நின்று அவர் தாம் காண்பனவற்றை உரக்கக் கூறுவார். கீழே கரோலின் அம்மையார் மெழுகுவத்தி ஒளியில் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அவற்றைக் குறித்துக்கொள்வார். 1783-ஆம் ஆண்டின் கடைசி நாளிரவில், பனியில் விரைந்தோடிய அம்மையார் வழுக்கி விழுந்தார். கருவியின் இரும்புக் கொக்கி அவர் தொடையிற் பாய்ந்து சதையைப் பெயர்த்தது. புண் ஆறுவதற்கு முன்னரே அவர் மீண்டும் பணிக்கு வந்துவிட்டார். 1786-ஆம் ஆண்டில் அவர் தாமே ஒரு வால்வெள்ளியைக் கண்டறிந்தார். மொத்தம் எட்டு வால்வெள்ளிகள் அவரால் அறியப்பட்டன. 1787-ஆம் ஆண்டில் மன்னர் அவருக்கும் ஆண்டுக்கு 50 பவுன் ஊதியம் வழங்கினார்.

வானிற் சில இடங்களில் முகில்போல் மங்கிய ஒளித்திட்டுகள் தோன்றும். அவற்றை வான்முகில்கள் என்பர். வால்வெள்ளி தேடுவோர் மயங்காதிருத்தற்பொருட்டு, பிரெஞ்சு நாட்டு மெசியே என்பவர் அத்தகையவற்றில் ஏறத்தாழ நூற்றினைப் பட்டியலாக வெளியிட்டிருந்தார். ஹெர்ஷலோ 1786-ஆம் ஆண்டில் ஆயிரமும், 1789-ஆம் ஆண்டில் ஆயிரமும், 1802-ஆம் ஆண்டில் ஐந்நூறுமாக 2,500 பொருள்களின் பட்டியலை வெளியிட்டார். அவற்றின் ஒளியும் வடிவமும் நெருக்கமும் நோக்கி எட்டு வகையாகப் பிரித்தார். அவற்றுட் பல, நம் பால்வழியைப் போன்ற தனித்தனி விண்மீன் மண்டலங்களாக இருத்தல் கூடும் என்பது அக்காலத்தில் அவர் கொண்ட கருத்து.

பால்வழியின் வடிவம்

பால்வழியின் வடிவத்தை அளக்க ஹெர்ஷல் கையாண்ட முறை மிக எளியது. மரங்கள் சம இடைவெளியில் நடப்பட்ட ஒரு தோப்பினுள் ஒருவன் நிற்பதாகக் கொள்வோம். எத்திசையில் மிகுதியான மரங்கள் தோன்றுகின்றனவோ, அத்திசையில் தோப்பு நெடுந்தூரம் பரந்துள்ளது என்றும், எத்திசையில் சிலவே தோன்றுகின்றனவோ, அத்திசையில் தோப்பின் எல்லை அண்மையில் உள்ளது என்றும் அவன் உய்த்துணரலாம். அங்ஙனமே ஹெர்ஷல், வானில் அறுநூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் தொலைநோக்கியை நிறுத்தி, அதன் பார்வைக்குள் அடங்கிய விண்மீன்களை எண்ணினார். ஒரு பார்வையில் அடங்கும் வானப்பரப்பு முழுநிலவின் விட்டத்திற் பாதியளவே. சில இடங்களில் ஒன்றிரண்டு விண்மீன்களே தோன்றின. பால்வழியின் நெருங்கிய பகுதிகளிலோ அவை நூற்றுக்கணக்கிற் பெருகின.

அவ்வெண்ணிக்கையினின்று 1785-ஆம் ஆண்டில் ஒரு படம் வரைந்து வெளியிட்டார். அதன்படி நம் விண்மீன் மண்டலம் தட்டையானது. அதன் அகலம் கனத்தைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. கதிரவன் நிற்பதோ அதன் நடுவிடத்திற்கு அருகில். தட்டையான மண்டலத்தின் உள்ளே நின்று, அதன் தளத்தின் வழியே நோக்கும்போது விண்மீன்கள் அடுக்கடுக்காகத் திரண்டு பட்டையாகத் தோன்றுகின்றன. மேலும் கீழும் நோக்கும்போது அவை அருகித் தோன்றுகின்றன. பால்வழி ஏன் பட்டையாகத் தெரிகின்றது என்னும் வினாவிற்கு இவ்வாறு எண்ணிக்கையின் வாயிலாக விடை கிடைத்தது.

ஆயினும், அப்படம் இரண்டு அடிப்படைக் கருத்துகளின்மேல் நின்றது. விண்மீன்கள் எங்கும் ஏறத்தாழச் சம நெருக்கமாக அமைந்துள்ளன என்பது ஒன்று. தம் தொலைநோக்கி மண்டலத்தின் எல்லைவரை எட்டுகின்றது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் மெய்யாயின் படமும் மெய். இவை பொய்ப்பின் படமும் பொய்க்கும்.

நாற்பதடித் தொலைநோக்கி

இன்னும் ஆழ்ந்து நோக்க விழைந்த ஹெர்ஷல், மன்னர் அளித்த 4,000 பவுன் பொருளுதவியால், நாற்பது அடி நீளமும் 48 அங்குல விட்டமுள்ள ஆடியும் கொண்ட பெருந்தொலைநோக்கியை 1789-ஆம் ஆண்டில் நிறைவேற்றினார். அந்நாளில் உலகிலேயே பெரிய தொலைநோக்கி அதுவே. அதன் குழல் தரையிற் கிடந்தபோது மன்னர் அதனுள் நடந்து சென்றதாகவும், உடன் வந்த தலைமைக் குருவிற்கு விண்ணுலகுக்கு வழி காட்டுவதாக வேடிக்கையாய் மொழிந்ததாகவும் கூறுவர். அக்கருவியால் சனிக்கோளின் துணைக்கோள்கள் இரண்டினை ஹெர்ஷல் கண்டார். எனினும், அதனை இயக்குதல் அரிதாயிற்று. ஆடியும் விரைவில் மங்கிற்று. ஆதலின், பெரும்பாலும் இருபதடித் தொலைநோக்கியையே அவர் பயன்படுத்தினார்.

1788-ஆம் ஆண்டில் மேரி பிட் என்னும் அம்மையாரை ஹெர்ஷல் மணந்துகொண்டார். 1792-ஆம் ஆண்டில் அவர்களுக்கு ஜான் என்னும் மகன் பிறந்தார்.

தம் கருத்தைத் தாமே திருத்திய மாண்பு

ஆண்டுகள் செல்லச் செல்ல, தம் கண்கள் கண்ட உண்மைகளே தம் படத்திற்கு மாறாக நிற்பதை ஹெர்ஷல் உணர்ந்தார். 1790-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் ஓரிரவில், நடுவே ஒரு விண்மீனும் அதனைச் சூழ்ந்து மெல்லிய ஒளிப்படலமுமாக ஒரு பொருளை அவர் கண்டார். அப்படலம் விண்மீன்களின் தொகுதியாக இருத்தல் இயலாது. ஒளிரும் ஆவியாகவே இருத்தல் வேண்டும். எனவே, வான்முகில்கள் அனைத்தும் தொலைவிலுள்ள விண்மீன் தொகுதிகளே என்னும் எண்ணத்தை அவர் கைவிட்டார்.

பின்னர், இரட்டையாகத் தோன்றும் விண்மீன்களை ஆராய்ந்தபோது, அவற்றுட் சில மெய்யாகவே ஒன்றையொன்று சுற்றி வருதல் புலனாயிற்று. அத்தகைய இரண்டும் நம்மிடமிருந்து ஒரே தொலைவில் உள்ளவை. எனினும் ஒன்று ஒளி மிக்கதாயும் மற்றொன்று மங்கலாயும் இருந்தன. ஆகவே, மங்கிய விண்மீன் தொலைவிலுள்ளது, ஒளி மிக்கது அண்மையிலுள்ளது என்று எளிதில் முடிவு கட்டுதல் தவறாயிற்று. விண்மீன்கள் சில இடங்களிற் கொத்தாகத் திரண்டிருத்தலை நோக்க, எங்கும் சம நெருக்கம் என்னும் கருத்தும் வீழ்ந்தது. பெரிய தொலைநோக்கியை நாட்டியபோதோ, சிறியது எல்லையெனக் காட்டிய இடத்திற்கும் அப்பால் மேலும் விண்மீன்கள் தோன்றின.

1811-ஆம் ஆண்டில், விண்மீன்கள் சமமாகப் பரந்துள்ளன என்று தாம் முன்னர்க் கொண்டது பொருந்தாது என அவர் எழுதி வெளியிட்டார். 1817-ஆம் ஆண்டில், தம் கருவிகள் பால்வழியின் ஆழத்தை எட்டவில்லை என்பதையும் ஒளியாது அறிவித்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டு. உலகம் அவரைத் தலையாய வானநூலறிஞராகப் போற்றிக்கொண்டிருந்த காலம் அது. வாய் வாளாதிருந்திருப்பின், அவர் படத்தை அன்று மறுக்கவல்லார் யாருமிலர். அவர்தம் தொலைநோக்கிகளுக்கு நிகரான கருவியும் பிறரிடத்தில் இல்லை. அவ்வாறிருந்தும், தம் பெயரைத் தாங்கிய படத்தினும் உண்மையே பெரிதென அவர் கொண்டார். கோளைக் கண்ட புகழினும் இச்செயலால் அவர் எய்திய புகழே உயர்ந்தது எனலாம்.

இறுதிக்காலம்

1816-ஆம் ஆண்டில் ஹெர்ஷலுக்கு வீரத்திருத்தகைப் பட்டம் கிடைத்தது. 1820-ஆம் ஆண்டில் இலண்டனில் தோன்றிய வானநூற் கழகம் அவரைத் தன் முதல் தலைவராகக் கொண்டது. 1822-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25-ஆம் நாள், சுலவ் நகரில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் வாழ்ந்தது எண்பத்து மூன்று ஆண்டும் ஒன்பது திங்களும். அவர் கண்டறிந்த யுரேனசுக் கோள் கதிரவனை ஒருமுறை சுற்றிவரும் காலமும் ஏறத்தாழ 84 ஆண்டேயாகும்.

தமையனாரை இழந்த கரோலின் அம்மையார் ஹானோவர் திரும்பினார். அங்கிருந்தே 2,500 வான்முகில்களையும் வானில் அவை அமைந்த முறைப்படி வரிசைப்படுத்தி, ஜான் ஹெர்ஷலுக்கு அனுப்பினார். அப்பணிக்காக 1828-ஆம் ஆண்டில் வானநூற் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது. அவர் 1848-ஆம் ஆண்டில் தம் தொண்ணூற்றேழாம் வயதில் மறைந்தார். ஜான் ஹெர்ஷல் 1834 முதல் 1838 வரை தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலே தங்கி, இங்கிலாந்திற் காண இயலாத தென்வானத்தையும் தந்தையாரின் இருபதடித் தொலைநோக்கி முறையிலேயே துருவி ஆராய்ந்தார்.

பின்வந்தோர் கண்ட உண்மை

ஹெர்ஷல் விடுத்துச் சென்ற வினாக்களுக்கு இருபதாம் நூற்றாண்டில் விடை கிடைத்தது. 1918-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஷாப்லி, உருண்டையாகத் திரண்ட விண்மீன் கொத்துகள் தனுசு ராசித் திசையையே மையமாகக் கொண்டு சூழ்ந்திருத்தலைக் கண்டார். மண்டலத்தின் நடுவிடம் அத்திசையில் உள்ளது. கதிரவன் அதனின்று நெடுந்தொலைவில் ஒதுங்கி நிற்கின்றது என அவர் நிறுவினார். 1930-ஆம் ஆண்டில் டிரம்ப்ளர் என்பவர், விண்மீன்களின் இடையே நுண்ணிய தூசி பரவி ஒளியை மறைக்கின்றது என மெய்ப்பித்தார். மூடுபனி சூழ்ந்த தோப்பில் நிற்பவனுக்கு எத்திசையிலும் ஒரே தொலைவுவரைதான் மரங்கள் தெரியும்; அதனால் தானே தோப்பின் நடுவில் நிற்பதாக அவன் எண்ணுவான். ஹெர்ஷலுக்கு நேர்ந்ததும் அதுவே. அவர் எண்ணியதிற் பிழையில்லை. இடையிலிருந்த தூசித்திரையே அவரை மயக்கிற்று.

ஒளி ஓராண்டில் செல்லும் தொலைவு ஓர் ஒளியாண்டு எனப்படும். நம் மண்டலம் ஏறத்தாழ ஓர் இலட்சம் ஒளியாண்டு விட்டமுள்ள தட்டு. விண்மீன்கள் நெருங்கிய பகுதியில் அதன் கனம் ஏறத்தாழ ஆயிரம் ஒளியாண்டு. நடுவே புடைத்த பகுதியும் அதனூடே நீண்ட கோல் போன்ற அமைப்பும் உள்ளன. அவற்றைச் சுற்றிச் சுருள் சுருளான கைகள் வளைந்து செல்கின்றன. நடுவிடத்திலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில், அக்கைகளின் இடையே ஒரு சிறு கிளையில் கதிரவன் இருக்கின்றது. நடுவிடத்தை ஒருமுறை சுற்றிவர அதற்கு ஏறத்தாழ 23 கோடி ஆண்டு செல்லும். மண்டலத்திலுள்ள விண்மீன்கள் பதினாயிரங் கோடிக்குக் குறையா என்பர்.

வான்முகில்களைப் பற்றியும் தெளிவு பிறந்தது. 1845-ஆம் ஆண்டிலேயே அயர்லாந்தில் ராஸ் பிரபு, தம் 72 அங்குலத் தொலைநோக்கியால், சில வான்முகில்கள் சுருள் வடிவின எனக் கண்டிருந்தார். 1923-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வில்சன் மலையில் ஹப்பிள் என்பவர், ஆண்ட்ரோமீடா வான்முகிலில், ஒளி ஏறியும் இறங்கியும் மாறும் ஒருவகை விண்மீனைக் கண்டு, அதனைக்கொண்டு தொலைவை அளந்தார். அது நம் மண்டலத்திற்கு மிக அப்பாலுள்ள வேறொரு மண்டலம் என்பது உறுதியாயிற்று. இன்றைய கணக்கின்படி அதன் தொலைவு ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு. ஹெர்ஷலின் வான்முகில்களிற் சில ஆவித்திரள்களே. ஆனால் பல, அவர் முன்னர்க் கருதியவாறே, தனி மண்டலங்கள்.

1926-ஆம் ஆண்டில் ஹப்பிள் அம்மண்டலங்களை வடிவம் பற்றி வகுத்தார். உருண்டையாகவோ முட்டை வடிவாகவோ அமைந்தவை நீள்வட்ட மண்டலங்கள். இவற்றில் ஆவியும் தூசியும் அருகியும், முதிய விண்மீன்கள் மிகுந்தும் இருக்கும். நடுப்புடைப்பினின்று கைகள் வளைந்து செல்பவை சுருள் மண்டலங்கள்; அக்கைகளில் ஆவியினின்று புதிய விண்மீன்கள் தோன்றிக்கொண்டே இருக்கும். நடுவே கோல் போன்ற அமைப்புக் கொண்டவை கோற்சுருள் மண்டலங்கள்; நம்முடைய மண்டலம் இவ்வகையினது. எவ்வடிவிலும் அடங்காதவை ஒழுங்கற்ற மண்டலங்கள். தென்வானிற் காணப்படும் மெகல்லன் முகில்கள் இவ்வகையின்பாற் படும்.

முடிவுரை

ஹெர்ஷலைப் பற்றிக் கூற வேண்டுவது இன்னும் ஒன்றுண்டு. 1800-ஆம் ஆண்டில் அவர் கதிரவன் ஒளியை முப்பட்டைக் கண்ணாடியின் வழியே செலுத்தி, ஒவ்வொரு நிறத்தின் வெப்பத்தையும் அளந்தார். சிவப்பு நிறத்திற்கு அப்பால், கண்ணுக்கு ஒளியே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி மிகுதியாக ஏறிற்று. கண்காணாத அக்கதிர்களே அகச்சிவப்புக் கதிர்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் தூசித்திரையை அக்கதிர்கள் ஊடுருவி வரவல்லவை. அவற்றின் துணையாலேயே பின்வந்த அறிஞர், பால்வழியின் நடுவிடத்தை நோக்கினர். அங்கே விண்மீன்கள் விரைந்து சுழலுதல் கண்டு, கதிரவனைப்போல் ஏறத்தாழ 40 இலட்சம் மடங்கு பொருள் செறிந்த கருந்துளை ஒன்று இருத்தலை உணர்ந்தனர். அவ்வாராய்ச்சியை நடத்திய ஜெர்மானிய அறிஞர் கென்செல், அமெரிக்க அறிஞர் அந்திரேயா கெஸ் அம்மையார் ஆகிய இருவர்க்கும் 2020-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தமக்குத் தடையாய் நின்ற திரையைக் கடக்கும் வழியையும், அஃது அதற்கே உரியது என்பதை அறியாமலே, ஹெர்ஷல் உலகிற்கு ஈந்து சென்றார்.

2009-ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாட்டார் அகச்சிவப்புத் தொலைநோக்கி ஒன்றை விண்ணிற் செலுத்தி, அதற்கு ஹெர்ஷலின் பெயரைச் சூட்டினர். 2013-ஆம் ஆண்டுவரை அது விண்மீன்கள் பிறக்கும் இடங்களை ஆராய்ந்தது. பாத் நகரில் அவர் யுரேனசைக் கண்ட இல்லம் இன்று அருங்காட்சியகமாகப் போற்றப்படுகின்றது.

உழைப்பால் உயர்ந்தோர் பலர். தாம் உழைத்துக் கண்ட முடிவையே, சான்று மாறியபோது மனமுவந்து கைவிட்டோர் சிலரே. அச்சிலருள் ஒருவராகிய வில்லியம் ஹெர்ஷல், பால்வழியை முற்றும் அளந்திலர். ஆயினும், அதனை அளப்போர் எத்தகைய உள்ளம் உடையராதல் வேண்டும் என்பதைத் தம் வாழ்வால் அளந்து காட்டினார்.